உறைபனிக் காலையில் கிளம்ப மறுக்கும் பழைய டீசல் பக்கி (பிக்கப் வண்டி): கோக்ஸ்டாட், அண்டர்பெர்க் பக்கம் இருப்பவர்கள் வழி சொல்லவும்

மலையடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென் ஆப்பிரிக்காவில், கோக்ஸ்டாட்டிலிருந்து சிடர்வில் வழியாக மட்டாட்டியேலுக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு பால்பண்ணையில் கடந்த ஆண்டு இறுதியிலிருந்து மேலாளராக வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது டர்பனுக்கு வடக்கே கடற்கரையோர டொங்காட் கரும்புக்காட்டுப் பக்கம் என்பதால், குளிர்காலம் என்றால் விடியற்காலையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது என்று மட்டுமே அறிந்திருந்தேன். இங்கே ஜூன் பிறந்ததும் கிக்குயூ மேய்ச்சல் புல் முழுவதும் வெளுத்துவிட்டது. கன்றுகளின் தண்ணீர்த் தொட்டியில் காலையில் பனிக்கட்டியை உடைத்துவிட வேண்டியிருக்கிறது. இரவில் பூச்சியத்துக்குக் கீழே நான்கு, ஐந்து டிகிரி வரை இறங்குகிறது.

பண்ணையில் 1990களில் வந்த 2.8 லிட்டர் டீசல் பக்கி ஒன்று உள்ளது. டர்போ கிடையாது, எரிபொருள் பம்பு முழுவதும் இயந்திர வகை. கடற்கரைப் பகுதியில் வேறொருவரிடம் பல ஆண்டுகள் ஓடிய வண்டி அது. அங்கே ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை என்று விற்றவர் சொன்னார். இங்கே உறைபனி விழுந்த காலையில் ஸ்டார்ட்டர் முக்கி முனகித்தான் சுழல்கிறது. ஜம்பர் வயர் போட்டு டிராக்டர் பேட்டரியோடு இணைத்தால் வேகமாகச் சுழல்கிறது, ஆனாலும் எஞ்சின் உடனே பிடிப்பதில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை மட்டும் டீசல் வாடையோடு வருகிறது. கடைசியில் பிடித்த பிறகும் ஒரு நிமிடம் குலுங்கிக் குலுங்கி ஓடிவிட்டுத்தான் சீராகிறது. வெயில் ஏறிய பிறகு அதே வண்டி சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டியபோது, டீசல் உறைந்துபோகிறது என்று சொல்லிப் புதுப் பேட்டரியும் டேங்கில் ஊற்ற ஒரு புட்டி மருந்தும் கொடுத்தார்கள். இரண்டாலும் மாற்றம் இல்லை. பால் கறப்பவர்களை விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே அழைத்துவர வேண்டியிருப்பதால் வெயில் வரும் வரை காத்திருக்க வழியில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மின்கம்பி எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் நியூகாசிலில் மின்பணி செய்கிறேன். இங்கும் குளிர் குறைவில்லை. நீங்கள் ஒரே கோளாறாகச் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக இருக்கலாம். மெதுவாகச் சுழல்வது மின்சாரம் போகும் வழியைச் சேர்ந்தது. வேகமாகச் சுழன்றும் பிடிக்காமல் இருப்பது சிலிண்டருக்குள் தீப்பற்றுவதைச் சேர்ந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பணம்தான் போகும்.

ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள். ஜம்பர் வயரின் கறுப்புக் கவ்வியை உங்கள் பேட்டரியின் மைனஸ் டெர்மினலில் மாட்டினீர்களா, எஞ்சின் இரும்பில் மாட்டினீர்களா? எஞ்சின் இரும்பில் மாட்டியதும் வேகம் வந்தது என்றால், பேட்டரியை விட அந்த மைனஸ் டெர்மினலிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டையின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு மல்ட்டிமீட்டர் இருந்தால் போதும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், எதையும் இயக்காமல் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலே காட்ட வேண்டும், 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ்தான் உள்ளது. பிறகு ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் இரும்பில் சுரண்டிய இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது.

டண்டீ விவசாயி எழுதியது:

இவ்வளவு சோதனை எதற்கு? எங்கள் பக்கம் பெரியவர்கள் குளிர்காலத்தில் டேங்கில் பத்தில் ஒரு பங்கு பாரஃபின், அதாவது மண்ணெண்ணெய், ஊற்றிவிடுவார்கள். டீசலில் மெழுகு திரளாது. அதோடு, கிளம்புவதற்கு முன் ஒரு தகரத்தில் வாட்டில் மரக் கரியின் தணலை எடுத்து ஆயில் சம்ப்புக்கு (எஞ்சின் எண்ணெய் தங்கும் அடித்தொட்டிக்கு) அடியில் கொஞ்ச நேரம் வைத்தால் எஞ்சின் வெண்ணெய் போல் சுழலும். அந்தக் காலத்து வண்டிகள் எல்லாம் இப்படித்தான் ஓடின.

பழைய டீசல் எழுதியது:

தம்பி மலையடிவாரம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டீசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மின்கம்பி தம்பி சொன்ன முறைதான் சரியான முறை. அதற்கு மேல் டீசலைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன்; ஏனென்றால் உங்களுக்கு மருந்துப் புட்டி விற்றவரும் டண்டீ நண்பரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

டீசல் குளிரில் உறைந்து கட்டியாவதற்கு முன்பே அதிலுள்ள மெழுகு நுண்ணிய படிகங்களாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். நம் நாட்டின் சான்ஸ் 342 தரக்கட்டுப்பாடு, ஃபில்டர் அடைபடும் அந்த வெப்பநிலை குளிர்கால டீசலுக்கு பூச்சியத்துக்குக் கீழே 4 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் கோடைக்கால டீசலுக்கு 3 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் வகுத்திருக்கிறது. ஆகவே மெழுகுத் தொல்லை கோக்ஸ்டாட்டில் வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். மார்ச்சில் நிரப்பிய பெரிய டேங்கிலிருந்து ஜூலையில் எடுத்து ஊற்றும் பண்ணைகளில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் அடையாளம் வேறு. குழாயிலும் பம்பிலும் ஏற்கெனவே இருக்கும் டீசலை வைத்து எஞ்சின் எளிதாகக் கிளம்பிவிடும், ஃபில்டர் அடைத்ததும் சிறிது தூரத்தில் இழுவை குறைந்து நின்றுவிடும். சிலிண்டருக்கு டீசல் வராத எஞ்சின் வெள்ளைப் புகை விடாது. உங்கள் புகைக்குழாயில் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வருகிறது என்றால், டீசல் தாராளமாகச் சிலிண்டருக்குள் போய், எரியாமல் ஆவியாகவே வெளியே வருகிறது என்று பொருள். அந்தப் புகையைப் பார்த்த பிறகும் டேங்கில் மருந்து ஊற்றச் சொன்னதுதான் எனக்கு வியப்பாக உள்ளது.

எரியாததற்குக் காரணம் வெப்பம் போதாமை. உங்கள் எஞ்சின் பழைய வகை. டீசல் நேராகப் பிஸ்டன் மேல் தெளிக்கப்படுவதில்லை, தலைப்பகுதியில் உள்ள சிறிய உருண்டை அறைக்குள் தெளிக்கப்படுகிறது. அந்த அறையின் குளிர்ந்த சுவர்கள் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டை உறிஞ்சிவிடுவதால்தான் ஒவ்வோர் அறையிலும் ஒரு குளோ பிளக், அதாவது மின்சாரத்தில் சிவந்து அறையைச் சூடாக்கும் பிளக், வைத்திருக்கிறார்கள். நேரடித் தெளிப்பு எஞ்சின் மிதமான குளிரில் குளோ பிளக் இல்லாமலும் கிளம்பிவிடும், உங்களுடையது கிளம்பாது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழலும்போது அழுத்தப்பட்ட காற்று பிஸ்டன் ரிங்குகளின் வழியே கசியவும் சூடு இழக்கவும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அதனால் எர்த் பழுதும் குளோ பிளக் பழுதும் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைப் பெருக்கிவிடும்.

கடற்கரையில் தொல்லை கொடுத்ததில்லை என்று விற்றவர் சொன்னதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கோக்ஸ்டாட் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் புகும் காற்றும் அதே அளவு குறைவு, தீப்பற்றவும் தாமதமாகும். டொங்காட்டின் மிதமான ஜூலைக் காலையில் இரண்டு குளோ பிளக் செத்திருந்தாலும் அந்த வண்டி கிளம்பியிருக்கும். யாருக்கும் தெரிந்தே இருக்காது.

குளோ பிளக்குகளைச் சோதிக்க, அவற்றை இணைக்கும் செப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்ப்பின் கவ்வியைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் அறுந்துவிட்டது. பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துப் பிளக்கைச் சூடேற்றிப் பார்க்க வேண்டாம். சில எஞ்சின்களில் உள்ளவை 6 வோல்ட் பிளக்குகள். அவற்றுக்கு 12 வோல்ட் நேராகப் போனால் சில நொடிகளில் கருகிவிடும். புதியது வாங்கும்போதும் பழைய பிளக்கின் உடலில் பொறித்திருக்கும் வோல்ட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். திருகுமரையின் அளவும் நீளமும் பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்ட் பிளக்கை மாட்டிவிட்டு, ஒரே வாரத்தில் எல்லாம் போய்விட்டன என்று திரும்பி வந்தவர்கள் அனேகம்.

டண்டீ நண்பருக்கு: பாரஃபின் டீசலை விடக் குளிரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பம்பின் உள்பாகங்கள் டீசலின் வழவழப்பில்தான் ஓடுகின்றன, பாரஃபினில் அது குறைவு. புதிய வண்டிகளில் மிகுந்த அழுத்தத்தில் ஓடும் காமன் ரெயில் பம்பு அதைச் சற்றும் பொறுக்காது. மேலும், விளக்கெரிக்கும் பாரஃபினுக்கு எரிபொருள் வரி இல்லை என்பதால் அதை வாகன டீசலில் கலப்பது இந்த நாட்டில் குற்றம். கண்டுபிடிக்க வசதியாக அடையாளப் பொருள் கலந்தே விற்கிறார்கள். சம்ப்புக்கு அடியில் தணல் வைப்பதைப் பற்றி, எண்ணெய்க் கசிவில்லாத பழைய பக்கியை எனக்குக் காட்டிய பிறகு பேசலாம்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். எஞ்சினைக் கிளப்பக் காற்றுக்குழாயில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். குளோ பிளக் சிவந்திருக்கும்போது அது பிஸ்டன் மேலே ஏறுவதற்கு முன்பே வெடிக்கும். பிஸ்டனோ கனெக்டிங் ராடோ போய்விடும்.

டண்டீ விவசாயி எழுதியது:

ஐயா சொன்ன புகை விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தணல் வைக்கும் பழக்கம் முட்டாள்தனம் அல்ல. அந்தக் காலத்தில் எண்ணெயே தேன்பாகு மாதிரி இருந்தது.

பழைய டீசல் எழுதியது:

அது நியாயமான பேச்சு. அப்போது பலரும் ஆண்டு முழுவதும் ஒரே கனத்த எண்ணெயை ஊற்றினார்கள். இப்போது 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் அடுத்த மாற்றத்தில் 15டபிள்யூ-40க்கு மாறினால் போதும். டபிள்யூவுக்கு முன் வரும் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைக் காட்டுகிறது; 15டபிள்யூ எண்ணெயின் சுழற்சிச் சோதனையே பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில்தான் செய்யப்படுகிறது. இந்த நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, கிழக்குக் கேப்பில் மோல்ட்டெனோவுக்குப் பக்கத்திலுள்ள பஃபல்ஸ்ஃபான்டெய்னில் 2013 ஆகஸ்ட்டில் பதிவான 20.1 டிகிரி உறைநிலைக்குக் கீழான குளிர். கோக்ஸ்டாட் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

மலையடிவாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கறுப்புக் கவ்வியை எஞ்சின் இரும்பில்தான் மாட்டியிருந்தோம். இன்று விடியற்காலையில் அளந்தவற்றை எழுதுகிறேன். ஓய்வில் பேட்டரி 12.65 வோல்ட். சுழற்றும்போது பேட்டரியின் கம்பங்களில் 10.4 வோல்ட். மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே 0.9 வோல்ட். எர்த் பட்டையைக் கழற்றியபோது, மேலே பார்வைக்கு நன்றாக இருந்தாலும், எஞ்சினில் போல்ட் போடும் காதுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது. கடற்காற்றின் வேலை என்று நினைக்கிறேன். பிளக்குகளில் மூன்றாவதும் நான்காவதும் விளக்கை எரியவிடவில்லை.

புதுப் பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மின்கம்பி எழுதியது:

0.9 வோல்ட் என்றால் ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய 10.4 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு அந்தக் காதிலேயே சூடாகித் தொலைந்திருக்கிறது, அண்ணா. பட்டையை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. மாட்டும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ்ஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

பேட்டரிக்குக் கொடுத்ததும் முழுக்க வீண் இல்லை. உறைநிலையில் எந்தப் பேட்டரியும் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அதுவும் பேட்டரியைக் கெடுப்பது உண்மையில் கோடை வெயில்தான். குளிர் அந்தக் கேட்டை வெளியே காட்டுகிறது. பிப்ரவரியில் தகடு அரித்த பேட்டரி ஜூனில் செத்துப்போனது என்று நாம் சொல்கிறோம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பண்ணைக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடும் வண்டிகளில், குளோ பிளக்கும் ஸ்டார்ட்டரும் எடுத்ததைத் திருப்பிச் சேர்க்க ஆல்டர்னேட்டருக்கு நேரமே கிடைப்பதில்லை. சார்ஜ் இறங்கிய பேட்டரியின் அமிலம் நீர்த்துப்போவதால், முழு சார்ஜில் இந்த நாட்டின் எந்தக் குளிரிலும் உறையாத அது உங்கள் ஊர்க் குளிரிலேயே உறையும் நிலைக்கு வரலாம். உறைந்தால் பேட்டரியின் பெட்டியே பிளந்துவிடும்.

ஹோவிக் அக்கா எழுதியது:

தம்பி, நான் ஹோவிக்கிலிருந்து மாரிட்ஸ்பர்க் எம்கொண்டெனி சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவள். எஞ்சினைப் பற்றி ஐயாவும் மின்கம்பியும் சொன்ன பிறகு நான் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே!

இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடையை ஒட்டிய கொட்டகையில் புல் வெள்ளையாக உறைந்திருக்கும்போது, அதே பண்ணையின் மேட்டு வீட்டு வாசலில் பனியே இல்லாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால்கறவைக் கொட்டகை பெரும்பாலும் தாழ்விடத்தில்தான் இருக்கும். வண்டியையும் அங்கேயே நிறுத்துவது எல்லோருடைய வழக்கம். மேட்டில், காலை வெயில் முதலில் படும் கிழக்கு முகத்தில், சரிவைப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டு மூன்று டிகிரி கூடக் கிடைத்தாலே பழைய டீசலுக்கு அது பெரிது. கியர் கையால் போடும் வண்டி என்பதால், ஸ்டார்ட்டர் கைவிட்டாலும் உருட்டிக் கிளப்பலாம். கைபிரேக்கை இழுத்துவிட வேண்டாம், ஈரத்தில் கேபிள் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுங்கள்.

முன்கண்ணாடியில் இரவே ஓர் அட்டையை வைத்து வைப்பரால் அழுத்திவிட்டால் காலையில் சுரண்டும் வேலை இல்லை. வெந்நீர் ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம், சிறு கீறல் இருந்தாலும் விரிசல் கண்ணாடியின் குறுக்கே ஓடிவிடும். கண்ணாடி கழுவும் தண்ணீரில் கொஞ்சம் மெத்திலேட்டட் ஸ்பிரிட் கலந்தால் உறையாது.

இரண்டு விஷயங்கள் குளிரைவிட எனக்கு அதிகப் பயம் தருபவை. ஒன்று எலி. வயல் காய்ந்ததும் சூடான எஞ்சினுக்குள் கூடு கட்ட வரும், வயரின் மேலுறையைக் கடிக்கும். தீவன மூட்டையை வண்டியில் இரவு வைக்காதீர்கள், காலையில் பானெட்டைத் தூக்கி ஒரு முறை பாருங்கள். மற்றொன்று காய்ந்த புல். நம் பக்கம் குளிர்காலம் மழையில்லாக் காலம். நெருப்புத் தடுப்புப் பட்டை அமைத்துப் பராமரிப்பது நில உரிமையாளரின் கடமை என்று 1998ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்த வேலைக்குப் போகும் வண்டியை முழங்கால் உயரக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்துகிறார்கள். புகைக்குழாயின் சூடு போதும், தீப்பிடிக்கும். புகைக்கரி வடிகட்டி உள்ள புதிய டீசல் வண்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும் நேரத்தில் இன்னும் மோசம். பர்க் விண்ட் என்று வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும் நாளில் நான் புல்லோரத்தில் வண்டியை நிறுத்துவதே கிடையாது. அது ஓய்ந்ததும் குளிர் அலை வரும் என்பதால், அந்த நாள் பேட்டரி பார்க்க நல்ல நாள்.

டயரில் காற்றும் பாருங்கள். குளிரில் இறங்கிவிடும். மற்றபடி நான் காலையில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, கஞ்சி குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

பழைய டீசல் எழுதியது:

அம்மா சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் தம்பி அப்படியே செய்யலாம். பாரம் இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் எளிதில் சூடேறாது. கால் மணி நேரம் நின்றபடி ஓடினாலும் குளிர்ந்தே இருக்கும், எரியாத டீசல் சுவர் வழியாக இறங்கி எண்ணெயில் கலக்கும். எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்து ஓட்டம் சீரானதும், அதாவது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள், முறுக்காமல் மெல்ல ஓட்டிப் போவதே விரைவாகச் சூடேற்றும் வழி.

டயரைப் பற்றி ஒரு கணக்கு: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரில் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் குறையும். டர்பனில் 20 டிகிரியில் நிரப்பிய டயர், கோக்ஸ்டாட்டின் உறைபனிக் காலையில் சுமார் 25 கிலோபாஸ்கல் இழக்கும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் அழுத்தமானியில் 13, 14 கிலோபாஸ்கல் கூடுதலாகத் தெரியும். ஆகவே மானி காட்டும் குறைவு பத்துப் பன்னிரண்டுதான். மண்பாதையில் ஓடும் பக்கிக்கு வாரம் ஒரு முறை, ஓட்டுவதற்கு முன் குளிர்ந்த நிலையில் பார்ப்பது போதும்.

மழையில்லாத மண்பாதை என்றால் ஏர் ஃபில்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூசி அடைத்த ஃபில்டரோடு, ஏற்கெனவே மெலிந்த மலைக்காற்றில் எஞ்சின் எப்படிப் பிடிக்கும்?

ஹோவிக் அக்கா எழுதியது:

ஐயா சொன்னதை மதிக்கிறேன். எஞ்சினுக்காக இல்லாவிட்டாலும், முன்கண்ணாடியின் பனி கரைந்து சாலை தெரிய வேண்டாமா? மிட்லண்ட்ஸ் மூடுபனியில் பாதிக் கண்ணாடியோடு என்3 நெடுஞ்சாலையில் ஏறுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

வான் ரீனன் பாதை எழுதியது:

அட்டை வைத்தால் கரைக்க வேண்டிய பனியே இருக்காதே, அக்கா. அதைச் சொன்னவரும் நீங்கள்தான்.

நான் டர்பனுக்கும் ஜோகானஸ்பர்க்குக்கும் நடுவே லாரி ஓட்டுகிறேன். என் தந்தையாரும் அதே வழியில் துணி மூட்டை ஏற்றிப் போனவர். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கத் தடை விதித்த 1891ஆம் ஆண்டுச் சட்டம் 1980களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்ததை இளையவர்கள் அறிய மாட்டார்கள். வான் ரீனன் கணவாயைத் தாண்டிய பிறகு வண்டி நின்றால், உறைபனி இரவில் எங்கே போய்த் தங்குவது என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. அதனால் என் தந்தையார் கணவாய்க்கு முன்பே லேடிஸ்மித்திலேயே நிறுத்தி, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி டெர்மினல் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். நம் வீடுகளில் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், ஹாரிஸ்மித்துக்கும் வான் ரீனனுக்கும் நடுவே என்3 பனியில் மூடிப்போய் வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக்கொண்டன. கோக்ஸ்டாட் பக்கமும் பனி பெய்தது. ஆகவே ஆகஸ்ட் முடிந்ததும் போர்வையை வண்டியிலிருந்து எடுத்துவிட வேண்டாம். அப்படிச் சிக்கினால், சூட்டுக்காக எஞ்சினை ஓடவிடும் முன் இறங்கிப் போய்ப் புகைக்குழாயின் வாய்ப் பனியை அகற்றிவிட வேண்டும். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாடையே கிடையாது. கொஞ்ச நேரம் ஓட்டி, அணைத்து, கண்ணாடியைச் சிறிது திறந்து வைத்து மீண்டும் ஓட்டுவதே வழி. விடியற்காலையில் ஆள் ஏற்றிவரும்போது சிறு பாலங்களின் மேல் வேகத்தைக் குறையுங்கள். கீழேயும் காற்றோட்டம் இருப்பதால் சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும்.

மலையடிவாரம் எழுதியது:

எர்த் பட்டை புதிதாக மாட்டிவிட்டேன். இப்போது சுழற்றும்போது அந்த இடத்தில் 0.1 வோல்ட்தான் காட்டுகிறது. பழைய பிளக்கில் வோல்ட் எண் தெளிவாக இருந்ததால், அதே எண்ணில் நான்கையும் சேர்த்தே மாற்றினேன். இன்று காலை புல் முழுவதும் வெள்ளையாக இருந்தது. குளோ விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை ஒரு கொத்து வந்து நின்றுவிட்டது. வண்டியை மேட்டு வீட்டுக்கு மாற்றிவிட்டோம். கறவைக்காரர்களில் மூத்தவர் ஒருவர், முன்பிருந்த மேலாளரிடம் பள்ளத்தில் நிறுத்தாதே என்று பல முறை சொன்னதாகச் சொல்லிச் சிரிக்கிறார்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. பண்ணையின் பழைய டிராக்டரின் ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மட்டுமே ஊற்றி வந்திருக்கிறார்கள். பின் டயர்களிலும் பாரத்துக்காகத் தண்ணீர்தான் நிரப்பியிருக்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

பழைய டீசல் எழுதியது:

நல்ல செய்தி, தம்பி. நான்கையும் சேர்த்து மாற்றியது சரி.

டிராக்டரை இன்றைக்கே பாருங்கள், அது பக்கியைவிட அவசரம். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 விழுக்காடு விரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள தகர மூடிகள் மட்டும் பிதுங்கி விழும், இல்லாவிட்டால் பிளாக்கே விரிசல் விடும். தண்ணீர் உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் வாங்கும் வரை, இரவில் ரேடியேட்டர் குழாயை மட்டும் திறந்தால் போதாது; பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் இருக்கும், அதையும் திறக்க வேண்டும். அதில் உப்பும் துருவும் அடைத்துக்கொண்டு, திறந்தும் தண்ணீர் வராமல் இருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். இருக்கையில் ஓர் அட்டை தொங்கவிட்டு, தண்ணீர் இல்லை என்று இசிசூலு மொழியிலும் எழுதி வையுங்கள்.

பிறகு உள்ளே நன்றாக அலசிவிட்டு, எத்திலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸும் சுத்திகரித்த தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். அந்தக் கலவை பூச்சியத்துக்குக் கீழே 35 டிகிரிக்கும் அப்பால்தான் உறையும். உங்கள் ஊருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும் என்றாலும், அரிப்பைத் தடுக்கும் மருந்து போதிய அளவு இருக்கச் சரிபாதி நல்லது. கிணற்றுத் தண்ணீரை இனி அதில் காட்டவே காட்டாதீர்கள், அதன் சுண்ணாம்பு உள்ளே படிந்து கோடையில் எஞ்சினைக் கொதிக்க வைக்கும். வடித்த கலவையைத் தரையில் விட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

டயர்த் தண்ணீர் உங்கள் குளிரில் முழுதாகக் கட்டியாகாது. ஓரங்களில் பனி பிடித்து, காலையில் ஓட்டும்போது குலுங்கும், வால்வு அடைக்கும். கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பினால் உறையாது, பாரமும் கூடும். ஆனால் டியூப்பில் சிறு கசிவு வந்தாலும் ரிம்மைத் தின்றுவிடும். ரிம் ஏற்கெனவே துருப்பிடித்திருந்தால் தண்ணீரை வடித்துவிட்டு இரும்பு எடைகளை மாட்டிவிடுவதுதான் என் யோசனை. வால்வைச் சுற்றி ரிம்மின் நிலை எப்படி இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.